தழும்பு சான்றிதழ் ஆகாது

“கை வெட்டுப்படாம கண்ணாடி வேல பழகேலாது.” மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கண்ணாடி அறுக்கும் பட்டறைகளில் இந்த வசனம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பொடியனின் விரலில் இரத்தம் கண்டவுடன் பாஸ் இதைச் சொல்கிறார். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனால் வாப்பாவும் இதையே சொல்கிறார். கதவுக்குப் பூவேலை செய்த கண்ணாடி எடுக்க வந்தவரும் தொழில்காரரின் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்து, அனுபவமுள்ள ஆள்தான் என்று மனதுக்குள் மதிப்புப் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் கருத்தோடு இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டுப்பட்டவன் கவனம் இல்லாதவன் என்பது ஒன்று. நடந்தது நஸீபு, அதாவது விதி என்பது மற்றது. மூன்றையும் ஒரே ஆள், சில வேளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ஆனால் மூன்றும் சேர்ந்து நிற்க முடியாதவை. வெட்டுப்படாமல் பழகவே முடியாது என்றால், வெட்டுப்பட்டவன் மீது கவனக் குறைவென்று பழி போட இடமில்லை. கவனக் குறைவுதான் காரணம் என்றால், வெட்டுப்படாமலும் பழகலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. நஸீபு என்றால் மற்ற இரண்டு பேச்சுக்கும் தேவையே இல்லை. ஒன்றையொன்று மறுக்கும் மூன்று கருத்துகள் இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன என்றால், மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதுதான் காரணம்: பட்டறை எப்படி அமைந்திருக்கிறது, அதை அப்படி அமைத்தவர் யார் என்ற கேள்வியை எழவிடாமல் தடுக்கின்றன.

அந்தக் கேள்வியை எழுப்பத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடி உடைவதற்குத் தெரிந்த காரணங்கள் உண்டு. அது ஆளை வெட்டுவதற்கும் தெரிந்த காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பழகுநனின் கையில் இல்லை. தகடு எங்கே சாய்த்து வைக்கப்படுகிறது, எத்தனை பேர் தூக்குகிறார்கள், எந்த மணல் வீசப்படுகிறது, உடைந்ததற்கு யார் காசு கொடுப்பது என்று முடிவெடுப்பவரின் கையில் இருக்கின்றன.

கண்ணாடி ஏன் உடைகிறது? இங்கிலாந்தின் ஃபான்பரோவிலுள்ள விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியியலாளர் 1921இல் இதற்கு விடை எழுதினார். கண்ணாடியின் அணுப் பிணைப்பைக் கணக்கிட்டால் அது மிகப் பெரிய பாரத்தைத் தாங்க வேண்டும். நடைமுறையில் அதன் ஒரு சிறு பங்கை மட்டுமே தாங்குகிறது. புதிதாக இழுத்த மெல்லிய கண்ணாடி இழையோ வியப்பூட்டும் அளவுக்கு வலிமையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள் என்றார் அவர். இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் வந்து குவிகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் கீறல் ஓடத் தொடங்குகிறது. கட்டரால் ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தால் கோட்டின் வழியே கண்ணாடி பிரிகிறதே, அதே விதிதான். நாம் விரும்பிப் போட்ட கீறலில் பிரிந்தால் தொழில் என்கிறோம். நாம் அறியாமல் விழுந்த கீறலில் பிரிந்தால் விபத்து என்கிறோம். கண்ணாடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறியாமல் கீறல் விழும் இடம் எது? நம் ஊர்களின் மண்ணைப் பாருங்கள். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கடலுக்குப் பக்கத்து வளவு என்றால் கால் வைக்கும் இடமெல்லாம் மணல். கடல் மணலில் மிகுந்திருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. மணல் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி மணலைக் கீறாது. பட்டறை வாசலில் மணல் பரந்த சீமெந்துத் தரையில் ஆறடித் தகட்டின் கீழ் விளிம்பை ஊன்றி, சுவரில் சாய்த்து, வேண்டும்போது இழுத்து எடுக்கிறோம். ஒவ்வோர் இழுப்பிலும் அந்த விளிம்பில் கிரிஃபித் சொன்ன கீறல்கள் ஏறுகின்றன. பிறகொரு நாள் ஒரு பொடியன் தூக்கும்போது அது கையில் விரிந்தால், கீறல் என்றைக்கு விழுந்ததென்று யாரும் தேடுவதில்லை. கடைசியாகத் தொட்டவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

வாடைக் காலத்தின் ஈரம் இன்னொன்று செய்யும். அடுக்கி வைத்த தகடுகளின் இடையில் தண்ணீர் தேங்கினால் கண்ணாடியிலுள்ள சோடியம் கரைந்து வந்து அந்த நீரைக் காரமாக்குகிறது. காரம் கண்ணாடியின் மேற்பரப்பையே அரிக்கிறது. வெள்ளைப் படலம் படரும், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றைப் பிரிக்க உளியும் கத்தியும் வருகின்றன, கை கிழிகிறது. ஈரம் வேறு விதமாகவும் கெடுக்கிறது: ஏற்கனவே உள்ள கீறல், பாரத்தில் இருக்கும்போது, ஈரக் காற்றில் மெல்ல மெல்ல நீளும். நேற்றுத் தாங்கிய தகடு இன்று தாங்காமல் போவதில் மர்மம் எதுவும் இல்லை. தகடுகளுக்கு இடையில் தாள் வைத்து, தரையிலிருந்து உயர்த்தி, மழைச் சாரல் படாத பக்கத்தில் நிறுத்தினால் இந்தக் கதையே இல்லை.

கச்சான் காலத்தில் வெப்பம் சேர்ந்துகொள்ளும். தகட்டின் நடுப்பகுதி வெயிலில் காய்ந்து, விளிம்பு சட்டத்துக்குள்ளோ நிழலிலோ குளிர்ந்திருந்தால், நடு விரிய முயல விளிம்பு இழுபடும். சாதாரணக் கண்ணாடி 30, 40 பாகை வேறுபாட்டைத் தாங்கலாம், விளிம்பு சுத்தமாக இருந்தால். விளிம்பில் சில்லுப் போயிருந்தால் அவ்வளவும் தாங்காது. உச்சி வெயிலில் வேலை செய்த கண்ணாடி மீது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

உடைந்தவுடன், “பலாய் போச்சு, உடு” என்கிறார்கள் பெரியவர்கள். ஒரு குடும்பத்துக்கு வர இருந்த கேடு கண்ணாடியோடு போயிற்று என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. அந்த நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் அந்தச் சொல் விழுந்தவுடன் சில்லுகளைக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். எந்த விளிம்பில் தொடங்கி உடைந்தது என்று பார்க்க ஒருவரும் குனிவதில்லை. உடைவின் தொடக்கப் புள்ளியைச் சில்லிலேயே கண்டுபிடிக்கலாம். கோடுகள் அங்கிருந்துதான் விரியும். அடுத்த தகட்டைக் காப்பாற்றும் தகவல் குப்பைக்குப் போகிறது.

இனி, இந்தத் தொழிலில் மிகக் கொடிய காயத்துக்கு வருகிறேன். அது அறுக்கும் மேசையில் நடப்பதில்லை, தூக்கும்போது நடக்கிறது. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. ஆறடிக்கு நாலடி, ஐந்து மில்லிமீற்றர் தகடு கிட்டத்தட்ட 28 கிலோ. எட்டு மில்லிமீற்றர் என்றால் 44 கிலோவைத் தாண்டும். பிடிக்கக் கைப்பிடி இல்லை, விளிம்பு கத்தி, கடற்காற்று வீசினால் பாய்போல இழுக்கும். அது சரியும்போது பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கத்துவது ஒரே சொல்: “புடி! புடி!” பொடியன் பிடிக்கிறான். உடையும் தகட்டின் முனை அவனுடைய மணிக்கட்டின் உட்புறத்தில் இறங்குகிறது.

மணிக்கட்டின் உட்புறம் என்பது உடம்பிலேயே நெருக்கமான இடங்களில் ஒன்று. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், கைக்கு உணர்ச்சியும் அசைவும் தரும் இரண்டு நரம்புகள், இரண்டு இரத்த நாடிகள், எல்லாம் அந்தக் குறுகிய இடத்துக்குள் தோலுக்குக் கீழே ஓடுகின்றன. தோல் தைத்தால் ஆறிவிடும். நாணும் நரம்பும் அறுந்தால் சத்திர சிகிச்சை, வாரக் கணக்கில் கட்டு, மாதக் கணக்கில் பயிற்சி. அதன் பின்னும் கட்டரை நேராகப் பிடிக்கும் கை திரும்பி வராமல் போகலாம். கைத்தொழிலைக் கற்க வந்தவனிடம் கையையே வாங்கிக்கொண்டு, இது கற்றுக்கொடுத்ததற்கான விலை என்று சொல்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அவன் ஏன் பிடிக்கிறான் என்று யோசியுங்கள். விழும் பொருளைப் பிடிப்பது மனித இயல்பு என்பது பாதி உண்மை. இயல்பைப் பயிற்சியால் மாற்றலாம். கண்ணாடி கையாளும் பாதுகாப்புப் பயிற்சியில் ஒரு முக்கிய பாடமே விழும் தகட்டை விட்டுவிட்டு விலகு என்பதுதான். மீதிப் பாதி, உடைந்த தகட்டின் காசு யாருடைய கணக்கில் ஏறும் என்பது. உடைந்ததைக் கூலியில் கழிக்கும் பட்டறையில், தகடு சரியும் அந்த அரை விநாடியில் பொடியனுக்கு முன்னால் நிற்பது ஒரு கிழமைச் சம்பளம். அவன் கையை நீட்டுவதற்கு அந்தக் கழிவுதான் காரணம். அப்படியொரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவனைக் கவனமில்லாதவன் என்பது அநியாயம். அவன் கவனித்துத்தான் இருக்கிறான், முதலாளியின் பொருளை. உடைவைப் பட்டறையின் செலவாக ஏற்றுக்கொண்டு, சரியும்போது “உடு!” என்று கத்தப் பழக்கிவிட்டால், மணிக்கட்டுக் காயங்களில் பெரும் பங்கு நின்றுபோகும். இதற்கு ஓர் இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை.

கையுறை போட்டால் கைக்கு உணர்வு போய்விடும் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நுணுக்கமான வளைவை அறுக்கும் விரலுக்குத் தடித்த தோல் கையுறை இடைஞ்சல்தான். சுற்றும் கிறைண்டரின் பக்கத்தில் தொளதொளத்த கையுறை ஆபத்தும்கூட. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். ஆனால் தூக்குவதற்கு உணர்வு எதற்கு? தகட்டைத் தூக்கும்போது வெட்டைத் தாங்கும் கையுறையும் முழங்கை வரை உறையும் போடலாம். மெல்லிய வேலைக்குக் கழற்றலாம். அதைவிட முக்கியம், அறுத்த உடனேயே நான்கு விளிம்பையும் ஈரக்கல்லால் ஒருமுறை தேய்த்துவிடுவது. கூர்மை போன விளிம்பு எளிதில் வெட்டாது, கீறலும் குறையும், தகடும் வலிமையாகும். கூர் விளிம்போடு பத்துத் தகட்டை அடுக்கி வைத்துவிட்டு, எடுப்பவனிடம் கவனமாக எடு என்பது ஒரு பாதுகாப்பு முறையே அல்ல.

இடையில் ஒரு சிறு திருத்தம். காயத்துக்குள் கண்ணாடிச் சில்லு இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். தெரியும். இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள சில்லு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஆகவே வைத்தியசாலைக்குப் போனால் வெட்டியது கண்ணாடி என்பதை முதலில் சொல்லுங்கள். விரல் மடங்குகிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல்தோலைத் தைத்து அனுப்பிய பிறகு உள்ளே நாண் அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடும்.

தொழிலின் விலை என்ற வாதத்துக்கு வரலாறும் துணை நிற்பதில்லை. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து முரானோ தீவுக்கு மாற்றியது. மரவீடுகள் நெருங்கிய நகரம் தீப்பிடித்துவிடும் என்ற பயம் அதற்கு ஒரு முக்கிய காரணம். உலைக்காரர்களைக் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு அரசு சும்மா இருக்கவில்லை, உலையின் இடத்தையே மாற்றியது. அதனால் கலை கெட்டுப்போகவில்லை. முரானோ என்ற பெயரே உலகத்தில் அழகான கண்ணாடிக்குப் பெயராயிற்று. அதே முரானோவில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் பூசினார்கள். பூசியவர்களுக்குக் கைகால் நடுங்கியது, மூச்சு இரைத்தது. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமத்சினி அவர்களுடைய நிலையைப் பதிவு செய்திருக்கிறார். அந்த நடுக்கம் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஜஸ்டஸ் ஃபொன் லீபிக் கண்ணாடியில் வெள்ளி படியச் செய்யும் வழியைக் கண்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாதரச முறை பெரும்பாலும் ஒழிந்தது. இன்று அக்கரைப்பற்றில் ஒரு மணப்பெண் பார்க்கும் கண்ணாடி முன்னைவிடத் தெளிவானது. அதைச் செய்தவரின் கை நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. எது தொழிலோடு பிறந்த விலை என்று சொல்லப்பட்டதோ, அது ஒரு செய்முறையின் குறை மட்டுமே என்று தெரிந்துபோயிற்று.

இந்தப் பாதரசக் கதையின் இன்றைய வடிவம் நம் வாசலில் நிற்கிறது. அதன் பெயர் மணல் வீச்சு.

வெளிநாட்டுக் காசில் எழுந்த வீடுகளின் முன்கதவில் பூங்கொடி ஓடும் கண்ணாடி, விருந்து அறைச் சுவரில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் பொறித்த கண்ணாடி, பள்ளிவாசல் ஜன்னலில் வடிவ வேலை. இவற்றை நான் நேசிக்கிறேன். எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் காலத்து வினைஞர்கள் பள்ளிவாசல் விளக்குகளின் கண்ணாடியில் ஒளியைப் பற்றிய திருவசனத்தை எழுதிய மரபின் ஒரு தூரத்துக் கிளை இது. ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்தை வெட்டி எடுத்து, திறந்த இடத்தில் அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சினால் கண்ணாடி பாலாக மாறுகிறது. காற்றுக்கு ஒரு கொம்ப்ரசர் போதும். மணலோ கடற்கரையில் சும்மா கிடக்கிறது. ஆபத்து அந்தச் சும்மாவில் இருக்கிறது.

கண்ணாடித் தூசுக்கும் மணல் தூசுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியும் சிலிக்காதான் என்றாலும் அதன் அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன. அதன் தூசு கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், ஆனால் சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தருவது அது அல்ல. அந்த நோயைத் தருவது பளிங்கு வடிவிலுள்ள சிலிக்கா, அதாவது நம் கடற்கரைக் குவார்ட்ஸ். முழு மணியாக இருக்கும்போது அது காலில் ஒட்டும் மணல், அவ்வளவுதான். வேகமாகக் கண்ணாடியில் மோதிச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை இறங்கி, அங்கே வடுவாகிறது. அதற்கு மருந்து இல்லை. மணல் வீசுவதை நிறுத்திய பிறகும் வடு வளரும். காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. பளிங்குச் சிலிக்காத் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 1997இல் வகைப்படுத்தியது.

இது யாருக்கும் தெரியாத புதுச் செய்தி இல்லை. பிரிட்டன் 1949இலேயே விதி கொண்டுவந்து இத்தகைய வேலைக்கு மணலைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழசுபோல் காட்டுவதற்காகச் சின்னச் சின்னப் பட்டறைகளில் மணல் வீசிய இளைஞர்கள், சில வருட வேலையிலேயே மூச்சுவிட முடியாதவர்கள் ஆனார்கள், இறந்தும் போனார்கள். 2009இல் அங்கே அதுவும் தடை செய்யப்பட்டது. அவர்களும் கைக்குட்டையை முகத்தில் கட்டியவர்கள்தான். கைக்குட்டையும், கொரோனாக் காலத்தில் மிஞ்சிய நீல முகக்கவசமும் இந்தத் தூசைத் தடுக்காது. மூடிய பெட்டிக்குள், வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்யும் அமைப்பும், மணலுக்குப் பதிலாக அலுமினியம் ஒக்சைட்டோ கார்னெட் துகளோ, கூடவே தூசை இழுத்தெடுக்கும் விசிறியும் வேண்டும். இவை இல்லாமல் திறந்த வளவில் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மணல் வீசும் இடம் எதுவானாலும், அங்கே அந்த வேலையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

விரல் வெட்டைத் தொழிலின் அடையாளமாகக் கொண்டாடுவதன் மிகப் பெரிய கேடு இங்கேதான் தெரிகிறது. வெட்டு கண்ணுக்குத் தெரியும், இரத்தம் வரும், ஆறும், கதையாகும். தூசு அப்படி எதுவும் காட்டாது. வெட்டைத் தாங்கியவன் வீரன் என்று பழகிய பட்டறையில், நெஞ்சு அடைக்கிறது என்று சொல்ல ஒருவன் வெட்கப்படுவான். பத்து வருடத்துக்குப் பிறகு படிக்கட்டில் ஏற முடியாமல் நிற்கும்போது அவனைச் சிகரெட் பிடித்தவன் என்று ஊர் சொல்லும்.

அமிலமும் அப்படித்தான். கண்ணாடியை மங்கலாக்கும் களிம்புகளில் ஃப்ளோரைட் உப்புகள் இருக்கின்றன. தோலில் பட்டவுடன் சில வேளை எரிச்சல்கூட இராது. சில மணி நேரம் கழித்து எலும்புக்குள் வலிக்கத் தொடங்கும், ஏனென்றால் ஃப்ளோரைட் உள்ளே இறங்கி உடம்பின் கல்சியத்தோடு பிணைகிறது. உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, கல்சியம் குளுக்கோனேட் களிம்பு பூசி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஈயமும் அப்படியே: வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைப்பவர்கள் அந்தக் கையோடு சோறு சாப்பிடக் கூடாது, அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

காயம் செய்பவரோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணல் வீசிய பரப்பு முழுவதும் நுண்கீறல். கிரிஃபித்தின் கணக்குப்படி அது வலிமை இழந்த கண்ணாடி. சாதாரணத் தகட்டில் பூவேலை செய்து கதவில் பதித்துக் கொடுத்தால், ஓடிவரும் பிள்ளையின் முன் நாம் நிறுத்தியிருப்பது வெறும் கண்ணாடியைவிடப் பலம் குறைந்த ஒன்று. பிரிட்டனின் கட்டட விதிகள், கதவில் தரையிலிருந்து 1,500 மில்லிமீற்றர் உயரத்துக்குள் வரும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கின்றன. வேலைப்பாட்டை முடித்துவிட்டு டெம்பர் செய்யக் கொடுக்கலாம். டெம்பர் செய்தபின் அறுக்க முடியாது என்பதால் ஒழுங்கு முக்கியம். 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விக்கும்போது மேற்பரப்பு அமுக்கத்துக்குள் போகிறது. உடைந்தாலும் கத்தி முனைகளாக இல்லாமல் சிறு மணிகளாக உதிரும். அல்லது வேலைப்பாடு இல்லாத பக்கத்தில் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். வீட்டுக்காரர் விலை குறையச் சொல்கிறார் என்பதற்காக இதை விட்டுவிடும் தொழில்காரர், தன் கலையை விரும்பும் வீட்டிலேயே ஆபத்தை மாட்டிவிட்டு வருகிறார்.

கவனக் குறைவு என்ற பழியைப் பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. வேலையாள் கவனமாக இருந்தாரா என்று அது கேட்பதில்லை. போதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசையும் புகையையும் அகற்றும் பொறுப்பை வேலையிடத்தை நடத்துபவர் மீது வைக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே அப்போது புரிந்த ஒன்று, இன்று நம் பட்டறைப் பேச்சில் இல்லை. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்கு உட்பட்டவரை ஈடுபடுத்தக் கூடாது. ஓ.எல். பரீட்சை சரிவராத பிள்ளையைச் சும்மா நிற்கிறானே என்று மணல் வீச்சுக்கு முன்னால் நிறுத்தும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நஸீபு என்பவர்களிடம் எனக்கு நீண்ட வாதம் இல்லை. கத்ரை, அதாவது இறைவிதியை நம்புவது ஈமானின் பகுதி, நானும் நம்புகிறேன். ஆனால் முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு தவக்குல் வை (இறைவனிடம் பொறுப்பை ஒப்படை) என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்காதவர் இந்தக் கரையில் இல்லை. கட்டாத ஒட்டகத்துக்குத் தவக்குலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அதிலும், தன் கையைப் பற்றி ஒருவன் நஸீபு என்று சொல்லிக்கொள்ளலாம். அவனை வேலைக்கு வைத்தவர் அவனுடைய கையைப் பற்றி அப்படிச் சொல்ல உரிமை இல்லாதவர்.

கடைசியாக எஞ்சுவது காசு. சின்னப் பட்டறை, மாதம் நான்கு கதவு, இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கண்ணாடி விலை எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியும். மணல் வீச்சுப் பெட்டிக்கும் விசிறிக்கும் செலவு உண்டுதான். தனியாக முடியாவிட்டால் நான்கு பட்டறைகள் சேர்ந்து ஒன்று வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் அந்த வேலையை வசதி உள்ள இடத்துக்குக் கொடுத்துவிடலாம். மற்றவை அப்படி அல்ல. தகடு சாய்க்க ஒரு மரச் சட்டம், அதன் அடியில் பழைய டயர் ரப்பர், தரையில் தினமும் ஒரு தும்புத்தடி, தேய்க்க ஒரு ஈரக்கல், காலுக்குச் செருப்புக்குப் பதில் சப்பாத்து, சில்லுக்கு மூடியுள்ள ஒரு தகரப் பீப்பாய். உடையாமல் தப்பும் தகடுகளே இவற்றின் செலவை மீட்டுத் தரும்.

அந்தப் பீப்பாயை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில்லுகளை உரப் பையில் கட்டிக் கடற்கரையிலோ குப்பையோடோ போடும் இடங்களில், அந்தப் பையைத் தூக்குபவர் மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளி. அந்த மணலில் வெறுங்காலோடு கரைவலை இழுப்பவர் மீனவர். அவர்கள் கண்ணாடி வேலை பழகவில்லை. அவர்கள் காலில் இறங்கும் சில்லு எந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதற்கான விலை? வெட்டுப்படுவதைப் பாடம் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலாவது சொல்லட்டும்.

மகனைப் பட்டறையில் சேர்க்கக் கூட்டிப் போகும் வாப்பாமார், எத்தனை வருடத்தில் பாஸ் ஆவான் என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். தகடு எங்கே நிற்கிறது? பெரியதை எத்தனை பேர் தூக்குகிறீர்கள்? எந்த மணலை வீசுகிறீர்கள், எங்கே வைத்து வீசுகிறீர்கள்? தகடு உடைந்தால் காசு யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பொடியனுடையது என்று பதில் வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.